கால்விரல் இடுக்கில் இரண்டு துளைகள்

ஜூன் 4

தம்பிக்கு,

இதைக் கொண்டுவந்து கொடுத்தவர் எங்களுக்குத் தீவன வண்டி ஓட்டுகிற அண்ணன். அவரை நம்பலாம். பதில் எழுதினால் அவர் கையிலேயே கொடு, தபாலில் போடாதே. என் போனுக்கு அடித்து அடித்துப் பார்த்திருப்பாய். அது வீட்டில் பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது. வேண்டுமென்றேதான் விட்டுவிட்டு வந்தேன். உன் போனுக்கும் நான் அடிக்கமாட்டேன். என் வீட்டுக்காரர் உன் கடைக்கு வந்ததும் முதலில் உன் போனைத்தான் எடுத்துப் பார்ப்பார். நீயும் பல்லைக் காட்டிக்கொண்டு கொடுப்பாய்.

நானும் வாண்டுவும் உயிரோடு இருக்கிறோம். அம்மாவிடம் அதை மட்டும் சொல். எங்கே இருக்கிறோம் என்று சொல்லாதே. அம்மா வாயில் ஒரு விஷயம் ஒரு வேளைக்கு மேல் தங்காது.

வேலை கிடைத்துவிட்டது. இது ஒரு கோழி ஆராய்ச்சிப் பண்ணை. நடத்துகிற டாக்டரம்மா, காட்டுக்கோழியையும் நாட்டுக்கோழியையும் பக்கத்துப் பக்கத்துக் கொட்டகையில் வளர்த்து, உடம்பு எப்படி, முட்டை எத்தனை, குஞ்சு எத்தனை பிழைக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார். பிடிப்பதும் அளப்பதும் என் வேலை. கொண்டை, தாடி, கால் நீளம், இறக்கை விரிப்பு, எடை.

காட்டுக்கோழியைப் பிடிப்பது நம் கோழியைப் பிடிப்பது போல இல்லை. கூண்டின் மேல் சாக்கைப் போட்டு இருட்டாக்கிவிட்டு, மூச்சு விடாமல் கையை நுழைக்க வேண்டும். முதல் நாள் அது தெரியாமல் ஒரு சேவலைப் பின்னாலிருந்து பிடித்தேன். வால் முழுக்க என் கையில் இருக்கிறது, சேவல் அந்த மூலையில் நிற்கிறது. பயந்தால் இறகை உதிர்த்துவிட்டு உடம்பை மட்டும் காப்பாற்றிக்கொள்ளுமாம். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு உதவி செய். இங்கே இருக்கிற நாட்டுக்கோழி எல்லாம் பண்ணைக் கோழியோடு கலந்துவிட்டது. அப்பா காலத்திலிருந்து கலப்பில்லாமல் வைத்திருக்கிற ஒரு குஞ்சு பொரிப்பகம் எனக்குத் தெரியும் என்று சொல்லித்தான் இந்த வேலையை வாங்கினேன். கொஞ்சம் பெட்டையும் சேவலும் இந்த அண்ணனிடம் ஏற்றி அனுப்பு. யாருக்கு என்று மூச்சுக்கூட விடாதே. எனக்காக இதையாவது செய்.

அக்கா

ஜூன் 13

அக்கா,

கூடைகளை ஏற்றிவிட்டேன். எல்லாம் தாய்க்கூட்டத்திலிருந்து பொறுக்கியது. நம் வீட்டுச் சேவலைக் கண்டால் அந்தக் காட்டு ஆசாமிகள் வெட்கப்பட்டுப் போவார்கள். நம் பெட்டை ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு முட்டை குறையாமல் இடும். எழுதி வைத்துக்கொள்ளச் சொல் உன் டாக்டரம்மாவை.

மாமா வந்தார். நீ சொன்னபடி போனைக் கேட்டார், கொடுத்தேன். கொடுக்காமல் இருந்தால் சந்தேகம் வராதா? பிறகு முட்டைத் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதார். அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததே இல்லை. ஆள் பாதியாகிவிட்டார். அம்மாவுக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்து, உரித்தும் கொடுத்தார். "பொண்ணு போட்டோவாவது காட்டச் சொல்லுங்க அத்தை"ன்னு அவர் கேட்டதும் அம்மா ஒரேயடியாக அழ ஆரம்பித்துவிட்டாள்.

கோபப்படாமல் படி. கை நீட்டியது தப்புதான், நான் நியாயம் பேச வரவில்லை. ஆனால் பெரியவர்கள் நாலு பேரை வைத்துப் பேசினால் சரியாகாதா? குழந்தையைக் காட்டுக்குள் வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஒளிந்திருப்பாய்? அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். பார்க்கப் பாவமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தம்பி

ஜூன் 27

தம்பிக்கு,

கோழிகள் பத்திரமாக வந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் பேனாவையே எடுக்கவில்லை. உனக்குப் பாவமாக இருக்கிறதா? சம்பந்தத்தைக் கொண்டுவந்தவன் நீ. "கோழி வியாபாரி, கை சுத்தம், வாக்கு சுத்தம்"னு அம்மாவிடம் சொன்னவன் நீ. இரண்டு தடவை ஓடிவந்தேன். இரண்டு தடவையும் ஸ்கூட்டரில் உட்கார வைத்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டவனும் நீதான். இரண்டாவது தடவை அவர் உனக்கு டீ போட்டுக் கொடுத்தார். நீ தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்று கையை ஆட்டினார். அப்புறம்தான் கதவைச் சாத்தினார்.

அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. கோழியைப் பற்றி எழுதுகிறேன்.

நீ பீற்றிக்கொண்டது சரிதான். உன் சேவல் இரண்டரைக் கிலோ நிற்கிறது, காட்டுச் சேவல் ஒரு கிலோவைத் தொடுவதற்கே முக்குகிறது. வாண்டு அந்தக் காட்டுச் சேவலுக்கு 'துரை' என்று பேர் வைத்திருக்கிறாள், அப்படி ஒரு நடை. கால் மெலிந்து, நீண்டு, ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் இருக்கிறது. காட்டுப் பெட்டைக்குக் கொண்டை இருக்கிறதா என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உடம்பு காய்ந்த இலை நிறம். கண்ணெதிரில் படுத்திருந்தாலும் தெரியாது. ஐந்தோ ஆறோ முட்டை இட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறது, அதுவும் எலுமிச்சை அளவுக்கு. உன் பெட்டை வந்த மூன்றாம் நாளே இட ஆரம்பித்தது, இன்னும் நிறுத்தவில்லை.

ஏன் இவ்வளவு குறைவு என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "அது பாதி நேரம் தலையைத் தூக்கிப் பாத்துக்கிட்டே இருக்குதும்மா. எப்ப திங்கும்? பயத்துக்குச் செலவானது போகத்தானே முட்டைக்கு?" என்றார். கொட்டகைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

போன வாரம் வாண்டுவைத் தீவனத் தராசில் ஏற்றினேன். அங்கே இருந்தபோது ஒரு வருஷமாக ஏறாத எடை இங்கே இந்தக் கொஞ்ச நாளில் ஏறியிருக்கிறது. தட்டில் இருப்பதைத் தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்கிறாள். நாலு பெரியவர்களைக் கூட்டுகிறாய் அல்லவா, அவர்களிடம் இதையும் சொல்.

அக்கா

ஜூலை 10

அக்கா,

சரி. இனி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வாண்டு விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். எடை கூடியிருக்கிறாள் என்று மட்டும். அம்மா, "அப்ப அங்கயே இருக்கட்டும்" என்றாள். மாமா மறுபடியும் கொண்டுவந்த ஆரஞ்சைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். எனக்கு முன்னால் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது.

மாமா இப்போது அழுவதில்லை. வாரம் ஒரு தடவை வருகிறார். பொரிக்கும் இயந்திரத்தின் கதவைத் திறந்து பார்க்கிறார், மூடுகிறார். சூடு இறங்கிவிடும் என்று சொல்ல வாய் வரை வருகிறது, சொல்வதில்லை.

உன் டாக்டரம்மாவுக்கு நம் சேவல்கள் எல்லாம் வேண்டுமா? அளந்து முடித்ததைத் திருப்பி அனுப்பிவிடச் சொல்.

தம்பி

ஜூலை 22

தம்பிக்கு,

திருப்பி அனுப்புவதற்குள் விற்றுவிட்டார்கள். அளந்து முடித்த சேவல்களைப் பண்ணை வாசலில் மொத்தமாக எடுத்துக்கொள்ள ஆள் வருவான், எடுத்துக்கொண்டு போய்விட்டான். நீ பயப்பட வேண்டாம். ஒவ்வொரு சேவலாக மடியில் வைத்து, கால் வளையத்தை நானே கத்தரித்து எடுத்தேன். பண்ணைப் பேர் போட்ட வளையம் ஒன்றுகூட வெளியே போகவில்லை. இந்த விஷயத்தில் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அம்மா சொன்னதை இரண்டு மூன்று தடவை படித்தேன்.

ஒரு காட்டுப் பெட்டை அடையில் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் கட்டிக் கொடுத்த கூட்டில் உட்காரவில்லை, தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்தில் உட்கார்ந்திருக்கிறது. நான் கிட்டே போனால் ஓடுவதில்லை, சீறுவதும் இல்லை. கண்ணை மட்டும் இமைக்காமல் வைத்துக்கொள்கிறது. கதவுச் சத்தம் கேட்டால் எனக்கும் அதேதான். வாண்டு இங்கே சத்தமாகச் சிரிக்கப் பழகிவிட்டாள். அவள் சிரித்தால் அவள் வாயைப் பொத்தக் கை போகிறது. கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 6

அக்கா,

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இன்று மதியம் மாமா வந்தார். கக்கத்தில் ஒரு சேவல், ஏதோ வெளியூர்ச் சந்தையில் வாங்கியதாம். முட்டையை வெளிச்சத்தில் பார்க்கிற மேஜை மேல் அதை வைத்தார். "மச்சான், இது நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கே" என்றார். சந்தைக்கு வந்த சேவல் எல்லாம் நம் வீடாகிவிடுமா என்று சிரித்தேன். அவர் அதன் இடது காலை எடுத்து, கட்டைவிரலால் மெதுவாக விரல்களை விரித்தார்.

அக்கா, விரல் இடுக்குத் தோலில் இரண்டு துளைகள். குஞ்சிலேயே நாம் குத்துகிற அடையாளம். அப்பா குத்தினார், நீ குத்தினாய், நான் குத்துகிறேன். நீ வளையத்தைக் கழற்றினாய். காலை நீயும் பார்க்கவில்லை, அனுப்பும்போது நானும் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் என்னிடம் கோழி எடுக்கிற ஆளுக்கு அது தெரியாதா?

"நீ வெளியூருக்குக் கோழி குடுக்கவே மாட்டியே மச்சான். அங்க எப்படிப் போச்சு?" என்றார். யாராவது திருடியிருப்பார்கள் என்றேன். "இருக்கும்" என்றார். சேவலின் கழுத்தைத் தடவிக்கொண்டே பேசினார். "சந்தையில வித்தவன் நாலஞ்சு பண்ணையில எடுப்பானாம். எதுல எடுத்ததுன்னு மறந்துட்டானாம். பரவால்ல, ஞாபகம் வந்துரும்." நடுவில் சேவல் ஒரே ஒரு தடவை கத்தியது. "ஏன்டா கத்துற" என்று செல்லமாகத் தட்டிக் கொடுத்தார். எழுந்தார். "வெச்சுக்க, உன்னோடதுதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு சேவலை இறக்கி விட்டேன். நிற்க முடியாமல் விழுந்தது. அந்தக் கால் ஒடிந்திருந்தது. என் கண்ணெதிரில், என்னோடு பேசிக்கொண்டே ஒடித்திருக்கிறார். முகத்தில் ஒரு மாற்றம் இல்லை அக்கா. குரலில் ஒரு மாற்றம் இல்லை.

இந்த ஆளின் வீட்டில்தான் உன்னை இரண்டு தடவை இறக்கிவிட்டேன்.

எங்கேயாவது போய்விடு. உடனே போ.

தம்பி

ஆகஸ்ட் 8

தம்பி,

உன் கடிதத்தைப் படித்ததும் கொட்டகைக்குள் போய் ஒவ்வொரு பெட்டையாகத் தூக்கி இடது காலைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருக்கிறது. தினமும் இந்தக் காலைத்தான் அளக்கிறேன். பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து, அது ஒரு அடையாளம் என்பதே மறந்து போயிருக்கிறது. கோழிக்கால் என்றாலே அப்படித்தான் இருக்கும் என்பது போல.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்துபோய் வாசல் கதவைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த வேறொரு இடத்துக்கு அனுப்புகிறாராம். டிரைவர் அண்ணன் உங்கள் பக்கம் தீவனம் இறக்கிவிட்டுத் திரும்பியதும் எங்களை ஏற்றிக்கொண்டு போவார். அதுவரை உள் அறையை விட்டு வரக்கூடாது. வாண்டு ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. சொன்னதுமே மூலையில் போய் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டாள். ஏறிய எடை எல்லாம் ஒரே நாளில் இறங்கியது மாதிரி இருக்கிறாள்.

ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறேன். அவர் கத்திக்கொண்டு வரமாட்டார். கதவைத் தட்டிவிட்டு, பொறுமையாகக் காத்துக்கொண்டு நிற்பார்.

நீ ஒன்றும் செய்யாதே. உனக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும். கடையைச் சாத்திவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போ. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 11

அக்கா,

நேரமில்லை. அம்மாவை நேற்றே சித்தி வீட்டில் விட்டுவிட்டேன். மாமா வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார். கல்லாவைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன்.

சந்தைக்காரனுக்குப் பாதி ஞாபகம் வந்துவிட்டதாம். ஆற்றுக்கு இந்தப் பக்கப் பண்ணையா, அந்தப் பக்கப் பண்ணையா என்பதுதான் குழப்பமாம். நான் பொய் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம்தான், நான்தான் கொடுத்தேன், எனக்கு வழி தெரியும், கூட்டிக்கொண்டு போகிறேன் என்று. காது சிவந்ததோ என்னவோ, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் பேசினேன். நம்பினாரா என்று தெரியவில்லை. சிரித்தார். "ஏறு மச்சான்" என்றார்.

டிரைவர் அண்ணன் பின்பக்கம் மூட்டை இறக்குகிறார். நாங்கள் கிளம்பியதும் அவர் நேராக உன்னிடம் வருவார். வந்ததும் ஏறிவிடு. துணிமணி எடுக்க நிற்காதே. எனக்குத் தெரிந்த ரோடு எல்லாம் சுற்றுவேன், இன்று முழுக்கச் சுற்றுவேன்.

பயமாகத்தான் இருக்கிறது. மூத்திரம் வருகிறது மாதிரியே இருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

தம்பி

ஆகஸ்ட் 19

தம்பி,

நாங்கள் வந்து சேர்ந்துவிட்டோம். இடத்தை எழுதவில்லை. டாக்டரம்மா மூலமாக இது உனக்கு வரும்.

உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. கடை சாத்தியிருக்கிறது, இரண்டு தடவை போய்ப் பார்த்தேன் என்கிறார் டிரைவர் அண்ணன். பக்கத்துக் கடைக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லையாம். இயந்திரத்துக்குள் இருந்த முட்டை எல்லாம் நாற்றம் எடுத்து, தெருவரைக்கும் வருகிறதாம். வீட்டுக்கு நெருப்புப் பிடித்தாலும் முட்டையைத் திருப்பி வைத்துவிட்டு வெளியே வருகிறவன் நீ.

டாக்டரம்மா போலீசில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். நானும் கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரர் பேரை ஒரு காகிதத்தில் எழுதியது இதுதான் முதல் தடவை. எழுதும்போது அவர் பின்னால் நின்று படிக்கிற மாதிரியே இருந்தது.

உன்னை நான் போகச் சொல்லவில்லையே. ஒன்றும் செய்யாதே என்றுதானே எழுதினேன்? சின்ன வயதில் அடைக்கோழி கொத்தும் என்று என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தவன், யாரைக் கேட்டு அந்த வண்டியில் ஏறினாய்? இத்தனை நாள் உன் மேல் இருந்த கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் நின்றேன். இப்போது அதுவும் கையில் இல்லை.

வாண்டு ராத்திரி தூங்குகிறாள். நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வரி எழுது. எழுத முடியாவிட்டால் ஒரு கோடாவது போட்டு அனுப்பு. வரவில்லையென்றால் நானே கிளம்பி வருவேன், அவர் இருந்தாலும் வருவேன்.

அக்கா

ஆகஸ்ட் 28

அக்கா,

வராதே. உயிரோடு இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், போன வாரம்தான் நினைவு தெளிந்தது. வலது கையிலும் விலாவிலும் கட்டு. இது இடது கை எழுத்து, ஒரு வரி எழுத ஒரு யுகம் ஆகிறது. அம்மா பக்கத்தில் இருக்கிறாள்.

அவனைப் பிடித்துவிட்டார்கள். எத்தனை காலம் உள்ளே வைப்பார்கள் என்று கேட்டேன், போலீஸ்காரர் உதட்டைப் பிதுக்கினார். அதனால் நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குக்கூட எழுதாதே. எனக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. அடி தாங்குகிற உடம்பு இல்லை இது.

இருட்டுகிற வரைக்கும் சுற்ற வைத்தேன். ஒரு பழைய செங்கல் சூளையில் போய் ரோடு முடிந்துவிட்டது. அப்போதுகூட அவன் கோபப்படவில்லை. வண்டியை நிறுத்தினான். "இறங்கு மச்சான்" என்றான், அம்மாவுக்கு ஆரஞ்சு உரித்தபோது பேசிய அதே குரலில்.

பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றினான். கண்ணாடியை ஊதித் துடைத்தான். கைக்குட்டையை மடியில் விரித்து, கடிகாரத்தை அதில் சுற்றி, இரண்டு தடவை மடித்து, அடிபட்டு உடையாத இடமாகப் பார்த்து வைத்தான். அவசரமே இல்லை. நான் ஓடியிருக்கலாம் அக்கா. நான் கீழே இறங்கிவிட்டேன், அவன் இன்னும் சீட்டில்தான் இருந்தான். ஓடவில்லை. அவன் மடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். விழுந்த அடிகூடச் சரியாக ஞாபகம் இல்லை. அந்த மடிப்புதான் கண்ணை மூடினால் வருகிறது.

வீங்கிய முகத்தைக் காட்டினாய், தழும்பைக் காட்டினாய். இந்த மடிப்பை மட்டும் நீ என்னிடம் சொன்னதே இல்லை. எத்தனை தடவை அவன் மடித்து முடிக்கிற வரைக்கும் நின்று பார்த்தாய்?

தம்பி